மூன்றே கால் அடி

வெட்டாற்றுச் சட்ரஸில் நான் லஸ்கர்.
சர்க்கார் சம்பளம், காக்கிச் சட்டை, ஒரு ஹரிக்கேன்,
காலையும் மாலையும் அளவுகல்லைப் பார்த்து
நீர்மட்டம் எழுத ஒரு நோட்டு.

உப்பு வண்டிக்காரன் தொப்புளான்
மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற சாக்கில் கேட்பான்:
"ராத்திரிக்கு எத்தனை அடி, லஸ்கரே?"
கேட்டுவிட்டு அவனே சொல்லுவான்.
இரண்டு என்றால் இரண்டு பேர்.
அரை என்றால் நடக்கிற பிள்ளை.
கால் என்றால் இடுப்புப் பிள்ளை.

எந்தப் பண்ணை, யார் பாட்டன் வாங்கிய கடன்,
யார் முதுகில் எந்தப் புளியவிளார்,
நான் கேட்டதில்லை.
கரைக்கு அப்பால் ரயில்வே கேட்டில் ஆரோக்கியம்,
அதற்கு அப்பால் நாகூரில் யாரோ ஒருவரின் தோணி,
அதற்கும் அப்பால் பினாங்கு.
அங்கே பாலுக்காக மரத்தைக் கீறுவார்களாம்.
ஆளையும் கீறுவார்களா, தெரியாது.

பாலத்தில் காவல். படித்துறையில் காவல்.
ஆற்றுக்கு நடுவில் யாரும் காவல் போடவில்லை.
பலகை இறக்குவது என் வேலை,
ஏனென்று கேட்பாரில்லை.
பல்சக்கரத்துக்குப் புன்னை எண்ணெய் விட்டு
ஏழு பலகையும் இறக்கினால்
கீழே மூங்கில் வளைவில் ஆறு
முழங்காலுக்கு வந்துவிடும், ஒரு மணி நேரம்.
கடைமடைக்காரன் வயலிடம் அந்த ஒரு மணி நேரம்
இன்னும் எனக்குக் கடன்.

ஆடி கடைசியில் தொப்புளான் சொன்னது
மூன்றே கால்.

இறக்கினேன்.
மணலில் கெண்டை துள்ளுகிற சத்தம்.
காத்தாயி வந்தாள், இடுப்பில் கால்.
பின்னால் அவள் மாமியார்,
சேலையை வாயில் கவ்விக்கொண்டு.
இரண்டே கால்.
மூன்றாவது வரவில்லை.

மேற்கே, வெகு தூரத்தில்,
ஒருவன் மாடு ஓட்டுகிற குரலில்
"ஹேய்... ஹேய்..." என்று கத்திக்கொண்டே ஓடினான்.
அவன் முன்னால் மாடு எதுவும் இல்லை.
பாலத்துத் தீவட்டிகள் எல்லாம்
அந்தக் குரலுக்குப் பின்னால் போயின.

காத்தாயி திரும்பிப் பார்க்கவில்லை.
பிள்ளையின் காதைப் பொத்தினாள்.

ஒரு மணிக்கு மேலும் பத்து நிமிஷம் வைத்திருந்தேன்.
பிறகு பலகையைத் தூக்கினேன்.
தண்ணீர் வந்து காலடிகளை எடுத்துக்கொண்டு போயிற்று,
இரண்டு பேருடையதை.

விடிந்ததும் நோட்டை விரித்தேன்.
அளவுகல் இரண்டரை காட்டியது.
கை மூன்றே கால் என்று எழுதியது.

மாசக் கடைசியில் ஓவர்சியர் விரல் வைத்தார்:
"அன்னிக்கு ஏதுய்யா இவ்வளவு தண்ணி?"

"வந்துதுங்க" என்றேன்.
அவர் அடித்துவிட்டுச் சிவப்பு மையில் திருத்தினார்.
அடியில் இருப்பது இன்னும் தெரிகிறது,
நோட்டை வெயிலுக்கு நேராகப் பிடித்தால்.