நாய் ஏறாத படகு

முதல் ஆட்டம் வெளிவந்த ஐந்து மாதத்தில்
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள்:
டீசல் போதவில்லை.

சிலர் கெட்டவார்த்தை சேர்த்து.
ஒருவர் மரியாதையாக, ஐயா என்று தொடங்கி.
ஒருவர், எங்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த வாத்தியாரைத்
தேடிக்கொண்டிருப்பதாக.
மற்றபடி, சுறா வேண்டும், மீசை வேண்டும்,
படகுக்கு நீலம் பூசுங்கள், காசு திருப்பித் தாருங்கள்.

மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை மாடி.
கீழே மாத்திரை அட்டை கத்திரிக்கும் சத்தம்.
மேலே அப்சல், ஆக்னஸ், நான்.
ஆட்டம் இதுதான்:
புயலுக்கு முந்தின சாயங்காலம்
உப்பனாற்றங்கரையில் சிதறி நிற்கும் ஏழு பேரை
ஒரு ஃபைபர் படகில் ஏற்றி
முதுநகர் துறையில் சேர்க்க வேண்டும்.
கையில் ஒரு கேன் டீசல்.

போதும். அப்சல் விளையாடியே காட்டினான்.
ஏழு பேரும் இறங்கிய பிறகும்
கேனில் கால்வாசி தளும்பியது.
கேட்கிறார்களே, கேனைப் பெரிதாக்கிவிட்டு
இரண்டாம் பாகத்தைத் தொடங்கலாம் என்றேன்.
இருபது நொடி வேலை.

ஆக்னஸ் கேட்கவில்லை.
படகுகள் போன தடங்களை இறக்கினாள்.
மூவாயிரம் பேர், மூவாயிரம் சிவப்பு நூல்,
ஒரே வரைபடத்தின் மேல்.
பின்னல்போல் துறையை நோக்கிப் போகின்றன.
நடுவில் ஓர் இடத்தில் மட்டும்
எஞ்சின் விசிறியில் வலை சுற்றிக்கொண்ட மாதிரி
சிக்கு.

மணல்திட்டு.
அதன்மேல், வேறொன்றுக்கு வரைந்த வால்
வீணாகிறதே என்று ஒரு ராத்திரி
அப்சல் நிறுத்திவைத்த நாய்.
நான்கு வரி நிரல் அதற்கு.
படகு நெருங்கினால் வாலாட்டு.
விலகினால் குரை.

ஏற்ற முடியாது, ஏற்றப் பொத்தானே கிடையாது.
சுற்றியிருக்கிறார்கள்.
மூன்று முறை, ஒன்பது முறை,
ஓர் ஆள் நாற்பத்தொரு முறை,
எஞ்சின் இருமி நிற்கும்வரை.
எழுத உட்கார்ந்தபோது
ஒருவரும் நாய் என்று எழுதவில்லை.

இரண்டாம் பாகத்தில் பொத்தான் வைத்தோம்.
அமுக்கியதும் தாவி ஏறும்.
கீழே பில் போடும் தாயுமானவனைக் கூப்பிட்டோம்.
பதினோரு நிமிடத்தில் எல்லாரையும் கரைசேர்த்துவிட்டு
'நல்லா இருக்கு' என்றார்,
மொய் எழுதிவிட்டுக் கிளம்புகிறவர் சொல்வதுபோல.
டீசல் பேச்சே இல்லை.
அன்று ராத்திரி நாங்கள் மூவரும்
சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்து வந்தவன் கலிவரதன்,
சோனாங்குப்பம், ஐஸ்பெட்டி ஏற்றுகிறவன்.
திரையைப் பார்த்ததும் சிரித்தான்.
'ஐப்பசியில வாடைக்காத்து.
ஒங்க கொடி ஏன் வடக்க பாத்துப் பறக்குது?'
ஒரு கழித்தல் குறி போட்டேன்.
கொடி திரும்பியது, மழை மறுபக்கம் சாய்ந்தது.
எட்டு மாதமாக, கடலிலிருந்து மூன்றே கிலோமீட்டரில்,
எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அவனுக்குக் கொடுத்தது வேறு நாய்.
கூப்பிட்டால் வராது.
எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.
எவ்வளவு நேரம் என்று சொல்லமாட்டோம்.
புயலின் கடிகாரம் நிற்காது,
படகில் ஏற்கெனவே ஐந்து பேர்.

அணைத்தான்.
கட்டைவிரலைக் கண்ணாடியிலிருந்து எடுத்து
தொடைமேல் வைத்துக்கொண்டான்.
மழை.
நாய்க்கு ஒரு கால் தண்ணீரில், மூன்று கால் மணலில்.
'என்னப் பாக்குதா, படகப் பாக்குதா?'

இதை எழுதிக்கொள்ள
எங்கள் அட்டவணையில் கட்டம் இல்லை.
ஆக்னஸ் ஒரு மருந்துச்சீட்டின் பின்பக்கம் எழுதி
சுவரில் ஒட்டினாள்.

இரண்டாம் பாகம் ஒரு வெள்ளிக்கிழமை வெளியானது.
கேன் அதே அளவு.
ராத்திரி இரண்டேகாலுக்கு முதல் ஆள்:
டீசல் போதவில்லை.

அப்சல் தலையில் கைவைத்தான்.
ஆக்னஸ் வரைபடத்தைத் திறந்தாள்,
இந்த முறை சிக்கு எங்கே விழுந்திருக்கிறது
என்று பார்க்க.