இரண்டு விரற்கடை

ஹீயுமா தீவுக்கும் கரைக்கும் நடுவே
கடல் சில குளிர்காலங்களில் சாலையாகும்.
பல குளிர்காலங்களில் ஆகாது.
எது என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.
துளைப்பான், அளவுகோல், ஒரு நோட்டு.
நூறு மீட்டருக்கு ஒரு துளை.
இருபத்து நான்கு. இருபத்தாறு. இருபத்து நான்கு.

உறைந்த கடலின் விதிகள்
ஊர்ச்சாலைக்குத் தலைகீழ்:
பெல்ட் போடாதே. கதவைப் பூட்டாதே.
வழியில் நிற்காதே.
மெல்லப் போ, இல்லை வேகமாய்ப் போ,
நடுவாந்தரமாய்ப் போனால்
அடியில் அலை திரண்டு பாளத்தை உடைக்கும்.
போதகர் மெரிகே இதைக் கேட்டதும்
பிரசங்கத்துக்கு ஆகும் என்று
பெட்ரோல் ரசீதின் பின்புறம் எழுதிக்கொண்டாள்.

சோவியத் பள்ளியில்
கடவுள் இல்லை என்று மூன்று பக்கம் எழுதி
ஐந்துக்கு ஐந்து வாங்கியவன் நான்.
ஐம்பத்திரண்டு வயதில்
ஹாப்சாலு தேவாலயத்தின் பின்னறையில்
செவ்வாய்தோறும் கிரேக்கம் படிக்கப் போனேன்.
"வேறு யாராவதா?" என்று கேட்டாள் மனைவி.
"அப்படித்தான் போலிருக்கிறது" என்றேன்.

அறிதலுக்கு அந்தப் பாஷையில் இரண்டு வினை.
ஒன்று, கண்டு முடித்த அறிவு.
மற்றது, பட்டுப் பட்டு
இன்னும் முடியாத அறிவு.
எந்த இடத்தில் எது என்று
சிவப்பிலும் நீலத்திலும் அடிக்கோடிட்டேன்.
மூன்று குளிர்காலம்.
கோடுகள் நேராக வந்தன.
அவர் வரவில்லை.

மார்ச் ஒன்பது. சாலையை மூடிய மறுநாள்.
மூடியவனே நான், வேனில் போயிருக்கக் கூடாது.
வழிக்கு நட்ட ஜூனிபர் கிளைகளைப் பிடுங்கத்தான் போனேன்.
முன்சக்கரத்தடியில் ஒரு பெருமூச்சு.
அப்புறம் கடல்,
கால்மிதியில், கணுக்காலில், மடியில்.
பெல்ட் இல்லை, பூட்டு இல்லை,
விதிப்படி வெளியே விழுந்தேன்.
குப்புற, கைகால் பரப்பி,
பாளத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.

ஜெபம் வரும் என்று நினைத்திருந்தேன்,
கிரேக்கத்தில் வராவிட்டாலும் எஸ்தோனியத்தில்.
வந்ததெல்லாம் எண்கள்.
பதினாறு. பதினெட்டு. பதினைந்து.
காலையில் அளந்தவை. உரக்கச் சொன்னேன்.
யாரிடம் என்று யோசிக்கவில்லை.
முடித்த பிறகுதான் உறைத்தது,
எதிரே யாரோ குறித்துக்கொள்வது போல
ஒவ்வொரு எண்ணுக்கும்
நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருக்கிறேன்.

கல்யோ கயிறு வீசினான்,
கூடவே ஒரு கெட்ட வார்த்தையும்.

மெரிகேயிடம் எல்லாம் சொன்னேன்.
ஏதோ பெரிதாய்ச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.
"வேனுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா?" என்றாள்.
பிறகு காப்பி ஆறும்வரை
என் கையை விடவில்லை.

வேனோடு போனவை:
ஒரு தெர்மாஸ், அடிக்கோடிட்ட நோட்டு,
தார்த்து நூலகத்தின் உரைநூல் ஒன்று.
அபராதம் முப்பத்தெட்டு யூரோ.
தொலைந்த காரணம் என்ற கட்டத்தில்
கடல் என்று எழுதினேன்.

பயத்தில் மூளை அப்படித்தான் என்கிறான் மகன்.
இருக்கலாம்.
பயத்தின் தடிமன் எனக்குத் தெரியும்,
முப்பது வருஷப் பழக்கம்.
இது அதைவிடக் கொஞ்சம் கூட இருந்தது.
எவ்வளவு என்று கேட்காதே என்றேன்.

இந்த ஜனவரியில் மறுபடி துளைப்பான்.
பலருக்கும் தெரியாத ஒன்று:
பாளத்தின் அடியை எட்டிவிட்டால் போதும்,
நீரை நோக்கி நாம் இறங்க வேண்டாம்.
நீர் ஏறி வரும்.
சத்தமில்லாமல், கறுப்பாக, துளை நிறைய.
எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேன்,
பார்க்காமல்.
முழங்காலிட்டுக் குனிகிறேன்
(அளக்க எப்படியும் முழங்காலிட்டாக வேண்டும்).
மேற்பரப்புக்கு இரண்டு விரற்கடை கீழே
நின்றுவிடுகிறது நீர்.

கையுறையைக் கழற்றுகிறேன்.