ஐம்பது மீட்டர்

பாரத்தில் ஒன்பதாவது கேள்வி:
பயணி மூச்சு வாங்காமல்
ஐம்பது மீட்டர் நடப்பாரா?
ஆம். இல்லை.
நடுவில் கட்டம் எதுவும் இல்லை.

சிங்காரம் பழைய கொன்ட்ரெக்டர்.
இரும்பு டேப்போடு
நடைபாதையில் குந்திவிட்டார்.
சுங்கை டுவா பிளாட், பத்தாவது மாடி,
லிஃப்ட் வாசலிலிருந்து கடைசி வீடு வரை
பதினெட்டு மீட்டர்.
"மூணு நடை நடந்தா ஐம்பத்து நாலு.
நாலைக் கழிச்சுக்கோ.
மூணாவது நடையில
ஆ கிம் வாசல்ல நின்னா சரி."

ஆ கிம் வாசலில் சிவப்புச் சாமி மாடம்,
விடிந்ததும் மூன்று ஊதுபத்தி.
ஊருக்கு அது வாசம்.
எனக்கு
நெஞ்சுக்குள் யாரோ
சன்னலைச் சாத்துகிற சத்தம்.

முதல் நாள்
முப்பத்தொன்றில் சுவரைப் பிடித்தேன்.
டேப்பை இழுத்துப் பார்த்துவிட்டு
முப்பத்திரண்டு என்று எழுதினார்,
நாற்பது வருஷம்
அளவில் பொய் சொல்லாத மனுஷன்.

ஏன் இந்தப் பாடு?
ரொக்கியாவுக்கு அறுபது வயது.
பினாங் ரோடு தட்டச்சு வகுப்பில் பக்கத்து மேசை.
என் ரிப்பன் தேய்ந்த நாளெல்லாம்
அவள் ரிப்பனில்தான் என் எழுத்து.
இப்போது கோத்தா கினாபாலுவில் வீடு.
"மெஷினோடயே வா,
அதுக்கும் சேர்த்து உலை வைக்கிறேன்" என்றாள்.

டாக்டர் ஹேமாவதி சிரிக்காமல் சொன்னார்:
"கொடிமலை மேல கொடிமலை,
அதுக்கு மேல இன்னொண்ணு.
அந்த உச்சியில நாற்காலி போட்டு உட்கார்ந்தா
என்ன காத்து கிடைக்குமோ
அதுதான் ஆன்ட்டி விமானத்துக்குள்ள."
ஒரு கொடிமலைக்கே ரயிலேறிப் போனவள் நான்.

பேட்டரி, பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு.
தாமதத்துக்குத் தனியாக.
எதையும் பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது.
கடிதம் இரண்டு பிரதி.
மருந்து, மடியில்.
குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து
அதைத் தாண்டித்தான் பால் எடுத்தோம்.

மூன்றாவது வாரம்
ஆ கிம் வாசலில் ஊதுபத்திக் கிண்ணத்தைக் காணோம்.
படிக்கட்டு சன்னலோரம் புகைந்துகொண்டிருந்தது.
நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.
அன்றைக்கு அவள் வாசலில் நிற்க மறந்து
கடைசி வீட்டைத் தொட்டுவிட்டேன்.
ஐம்பத்து நாலு.
சிங்காரம் பேனாவை மூடியோடு எழுதினார்.

பாயான் லெப்பாஸில்
என் ஐந்து பேட்டரியையும்
கடிதத்தோடு ஒப்பிட்டுத் தலையாட்டினார்கள்.
மாட்டியது அவர் பையிலிருந்த இரும்பு டேப்.
அந்தப் பெண் அதிகாரி ஒரு முழம் இழுத்து,
விட்டு,
அது சுருண்டு ஓடியதைப் பார்த்துத்
திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

விமானம் இரண்டு மணி நேரம் தாமதம்.
இருந்தது ஒரே பிளக்.
அதில் ஒரு பையனின் கைப்பேசி, கைப்பேசியில் யுத்தம்.
என் மூக்குக் குழாயைப் பார்த்தான்.
தோற்றுப்போக ஒரு நொடி எடுத்துக்கொண்டு
பிடுங்கிக் கொடுத்தான்.

மேலே,
விரலில் மாட்டிய கருவி
தொண்ணூற்று நாலு என்றது.
தொண்ணூற்றொன்று.
எண்பத்தெட்டு.
பயம் வருவதற்கு முன்
டாக்டரின் எழுத்து ஞாபகம் வந்தது:
எண்பத்தெட்டில் இரண்டை மூன்றாக்கு,
பணிப்பெண்ணிடம் சொல்லு,
பேசாதே.
பணிப்பெண் நோர்ஹஸ்லிண்டா
பக்கத்தில் மண்டியிட்டு
எண் ஏறும்வரை
என்னோடு சேர்ந்து மூச்சு விட்டாள்.
எண்பத்தொன்பது.
தொண்ணூறு.
சன்னலில் கடலா மேகமா தெரியவில்லை.
சிங்காரம் வாய் திறந்து தூங்கினார்.
எழுப்பவில்லை.

இறங்கியதும் சக்கர நாற்காலி.
வேண்டாமென்று வீரம் காட்டவில்லை.
கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்
பச்சைத் தூடோங்கில் ரொக்கியா.
அவர் கண்ணாலேயே அளந்தார்:
"முப்பது இருக்கும்."
எழுந்து நடந்தேன்.
மெஷின் தோளில் புஸ்ஸென்றது, புஸ்ஸென்றது.
பத்தொன்பதில் நின்றுவிட்டேன்.

மிச்சத்தை
அவள் நடந்து வந்தாள்.