அறுபத்திரண்டாம் பக்கம்

ஹெலன் ஏகாம்பரத்தின் கதைத் தொகுப்பில்
'போல' என்ற சொல் மூன்றே இடத்தில் வருகிறது.
பென்சிலோடு எண்ணிப் பார்த்தேன்,
மணிக்கூண்டு நிறுத்தத்தில்
பஸ் வராத ஒரு மத்தியானம்.
அதில் ஒன்று குடிகாரன் பேச்சு.
மீதி இரண்டையும் எடுத்துப் பார்த்தேன்,
வரி விழுந்துவிட்டது.
தேவைப்பட்டுத்தான் வைத்திருக்கிறார்.

அன்றிரவு என் கதையை எடுத்தேன்.
முதல் பக்கத்திலேயே பதினொன்று.
கடல் ஒரு தடவை தாய் போல,
இன்னொரு தடவை கடன்காரன் போல.
காசிமேட்டில் பிறந்தவனுக்குக்
கடல் எதைப் போலவும் இருக்க வேண்டியதில்லை என்று
முப்பத்தெட்டு வயது வரை ஏன் தோன்றவில்லை?

யாரையும் பாவம் என்று எழுதமாட்டார்.
'ஐஸ் பெட்டி' என்று ஒரு கதை.
புளியந்தோப்பில் ஒருவன் செத்துக் கிடக்கிறான்.
பெட்டி கொண்டுவந்த பையனிடம்
பெண்டாட்டி வாடகை பேசுகிறாள்.
"மவ பெங்களூர்லேந்து வந்துனு கீறா,
காலைல எடுத்துருவோம்,
அரை நாளு கணக்குப் போட்டுக்கோ."
நான்கு பத்தி, பேரம் மட்டும்.
அழுகை என்ற சொல்லே கிடையாது.
பையன் முந்நூறு குறைக்கிறான்.
வீட்டில் இருப்பது ஒரே பிளக்பாயின்ட்,
மிக்சியை யாரோ கழற்றிவைக்கிறார்கள்.
முடிந்தது.
கண்டெய்னர் யார்டு கேபினில்
ரசீதுக் கட்டின் மேல் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு
வெளியே போய் நின்றேன்.
டிரெய்லர் டிரைவர் டோக்கன் கேட்டார்.
ரெண்டு நிமிஷம்ணே என்றேன்.

இப்பேர்ப்பட்டவர் ஓரிடத்தில்
பொய் எழுதிவிட்டார் என்று
ஆறு மாதமாக எனக்கு உறுத்தல்.
பக்கம் அறுபத்திரண்டு.
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் நின்றுவிடுகிறது.
"அந்தப் பக்கத்துக் கூட்டத்தில்
யாருக்கும் முட்டிக்கு மேல் ஆள் இல்லை."
தினம் இரண்டு முறை அதே கேட்டில் நிற்பவன் நான்.
கூட்ஸ் நின்றால் தெரிவது வேகன்,
துருவின் பழுப்பு,
சாக்பீஸில் கிறுக்கிய எண்.
கால் எங்கே, முட்டி எங்கே?
வீட்டில் இருந்தபடி கற்பனை செய்திருக்கிறார் என்று
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது,
மறைப்பானேன்.

போன வியாழக்கிழமை
கேட் மூடுகிற நேரத்தில் பைக்கின் செயின் கழன்றது.
ஓரமாகத் தள்ளிப்போய்த் தரையில் உட்கார்ந்தேன்.
கூட்ஸ் வந்தது. நின்றது.
தலையைத் தூக்கினால்
சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே
அந்தப் பக்கம்.
கொலுசு ஒன்று.
கார்ப்பரேஷன் பூட்ஸ்.
கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கும்
ஒரு யூனிபார்ம் பையன்.
சிமெண்ட் தின்ற பாதத்தில்
பால் கவரைச் சுற்றிக் கட்டியிருந்த யாரோ.
ஒரு ஆடு மட்டும் முழுசாக.
முட்டிக்கு மேல் ஒருவரும் இல்லை.

உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

கூடை வைத்து வியாபாரம் பண்ணினாரோ,
யாருக்காவது காத்திருந்தாரோ,
கால் வலித்ததோ, தெரியாது.
அட்டையில் படமில்லை.
குறிப்பு ஒரே வரி: வடசென்னையில் வசிக்கிறார்.
எந்த உயரத்திலிருந்து பார்த்தேன் என்று
கதையிலும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்,
அந்தத் தரையை மறுபடி நினைத்திருக்க மாட்டேன்.

கூட்ஸ் நகர்ந்துபோனது எப்போதென்று தெரியவில்லை.
"யோவ், எயுந்திரு, கேட்டு தொறந்தாச்சு!"
பின்னால் ஒரு ஆட்டோ.
எழுந்தேன்.
எதிரில் எல்லாருக்கும் முகம் வந்துவிட்டது.
கொலுசு யாருடையது என்று
கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கேள்விக்குறியை அழித்தேன்,
கை கழுவாமல்.
அந்த இடத்தில் இப்போது
கிரீஸ் படிந்த என் கட்டைவிரல்.
ரப்பர் வைத்தால்
இன்னும் பரவுகிறது.