லா வராத ஆறு மாதம்

சனி இரவு ஒன்பதுக்குத்தான் போதகரின் குறுஞ்செய்தி வரும்.
"நாளைக்குக் காணாமற்போன காசு.
பாட்டை நீர் பாரும்."
பார்க்கிறேன்.

நெல்லுச் சுணை இன்னும் கழுத்தில் கடிக்கிறது.
வட்டக்கச்சி மில்லில் சிறுபோகம் வந்து குவியும் நாட்கள்.
குளிக்க முன்னம் புத்தகத்தைத் திறந்தால்
பக்கங்களுக்கிடையில் தவிடு.

ஆரம்பத்துக்கு எல்லாருக்கும் தெரிந்தது ஒன்று,
பிந்தி வருகிறவர்கள் வாசலிலேயே பிடித்துக்கொள்ள.
பிரசங்கத்துக்கு முன்னம் ஆறுதலானது,
பிள்ளைகள் எழும்பிப் போகிற காற்சத்தம் அதற்குள் அடங்கும்.
காணிக்கைக்கு ஆறு சரணமாவது வேணும்:
பை இரண்டு, வாங்கு பதினொன்று,
பின்வாங்கில் கந்தோர்ச் சீவரட்ணம்
பைக்குள் கைவிட்டுச் சில்லறை மாற்றுவார்.
வாலிபருக்குக் கைதட்ட ஒன்று.
மூத்தவர்கள் தட்டுவதில்லை.
ஆனால் அவர்களின் கால்விரல் ஆடுவது
நான் இருக்கும் மூலையில் இருந்து தெரியும்.

எண் பலகைக்கு எங்களிடம் ஏழு ஒன்றே ஒன்று.
எழுபத்தேழாம் பாட்டை இந்தச் சபை
ஒருநாளும் பாடியதில்லை.

பிறகு இந்த லா.
சூரிச்சில் இருந்து யாரோ அனுப்பிய கீபோர்ட்டில்
வலது சின்னிவிரல் போய் நிற்கிற இடத்தில்
ஒரு வெள்ளைக் கட்டை செத்துப்போனது, மாசியில்.
அமத்தினால் பாதி இறங்கும். சத்தம் வராது.
ஆறு மாதமாய் லா குறைந்த பாட்டுகளாய்த் தேடினேன்.
ஆறு மாதமாய் எங்கள் துதியும் மனந்திரும்புதலும்
அந்த விரலளவு பிளாஸ்டிக்குக்குக் கீழ்ப்படிந்து நடந்தன.

சுகிர்தம் அக்கா ஒவ்வொரு ஞாயிறும் கேட்பா:
"தம்பி, நூற்றெண்பத்தேழு?"
"லா இல்லை அக்கா. அந்தப் பாட்டு முழுக்க லா."
"ஓ" என்பா.
குடையை விரிப்பா. போவா.

சுருதி மாற்றுகிற பொத்தான் ஒன்று இருக்கிறது.
இரண்டு தரம் அமத்தினால்
வேறு கட்டைகளால் அதே பாட்டு வரும்.
எனக்குத் தெரியும்.
அக்காவுக்குத் தெரியாது.

நூற்றெண்பத்தேழைக் கடைசியாய் நான் வாசித்தது
கீபோர்ட்டில் இல்லை.
தறப்பாளின் கீழே, என் முழங்காலில்,
விரலால் மட்டும், சத்தமில்லாமல்.
பக்கத்தில் தம்பி நித்திரை.
நித்திரை என்றுதான் நினைத்தேன்.

போன வியாழன் கிளிநொச்சிச் சந்தையடியில்
ரேடியோ திருத்துகிற நௌசாத் அடிப்பலகையைக் கழற்றினார்.
தூரிகையால் தட்டி, ஊசியால் நோண்டி,
உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்:
ஒரு நெல்லுமணி, கோதோடு.
"கோயிலுக்குள்ளே வயல் செய்யிறியளோ?"
ஐந்நூறு ரூபா.
பாலத்தடி தாண்டும்வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தேன்.
பிறகுதான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன்.
அந்தக் கட்டைகளுக்கு மேல்
என்னைத் தவிர யாரும் குனிவதில்லை.

சனி இரவு பலகைக்கு எண்கள் எடுத்தேன்.
ஒன்று. எட்டு.
ஏழு, பெட்டியின் அடியில்
மெழுகு ஒட்டிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினேன்.

ஞாயிறு வாசித்தேன்.
லா வந்தது. வந்த ஒவ்வொரு தரமும்
புதுச் செருப்புப் போல கொஞ்சம் உரக்க.
மூன்றாம் சரணத்தில் நான் ஓடியிருக்கிறேன்,
சபை பின்னால் விழுந்து, மூச்சுப் பிடித்து, எட்டிப் பிடித்தது.
சுகிர்தம் அக்கா பாடவில்லை.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றா.
துடைத்து முடிய எல்லாச் சரணமும் முடிந்தது.

வெளியே, குடையை விரித்தபடி:
"கெதியாப் போட்டீர் தம்பி.
அது நடக்கிற பாட்டு. ஓடுற பாட்டில்லை.
வாற கிழமை திரும்பப் போடும்."

வாற கிழமை வாசகம் என்னவென்று
போதகர் இன்னும் சொல்லவில்லை.
பலகையில் மற்ற எண்களைக் கழற்றினேன்.
அந்த மூன்றையும் விட்டுவிட்டு
திங்கள் மில்லுக்குப் போனேன்.