தாமத எண்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று.
கட்டுப்பாட்டு அறையின் தகரக் கூரை
இரவெல்லாம் எதையோ மென்றுகொண்டிருக்கிறது.

நாற்பத்தோராம் காற்றாலையை
அலாரம் அடித்த பிறகே நிறுத்தினார் என்று
ஜெபமணியிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.
பதிவும் அப்படித்தான் சொல்கிறது.

நெட்வொர்க் கார்டின் அமைப்பைத் திறந்தேன்.
அனுப்பும் தாமதம்:
அறுபத்தையாயிரத்துச் சொச்சம் மைக்ரோ நொடி.
எவன் வைத்தானோ.
ஆள் நிறையாமல் எடுக்காத வடசேரி வேன் மாதிரி
நிறுத்து என்ற சொல்லையும்
வாசலிலேயே உட்கார வைத்திருக்கிறது.

பூஜ்ஜியம் ஆக்கினேன்.
பொட்டுத் தகவலுக்கெல்லாம் உலுக்கி எழுப்பியதில்
பிராசசருக்கு மூச்சு முட்டியது, விசிறி அலறியது.
முப்பத்திரண்டு. பிறகு எட்டு.
எட்டில் கொஞ்சம் அடங்கிற்று.

"சரியாச்சா?"
தக்கலையிலிருந்து மேலாளர்.
கார்டு சரியாச்சு சார்.
இன்னொண்ணு, அந்தக் கை
நேரத்துக்குத்தான் அழுத்தியிருக்கு.
பிந்தினது இது.

மறுமுனையில் சத்தமில்லை.
அதற்கு எந்த எண்ணைக் குறைப்பது?

ஆறு மணி ஷிப்டுக்கு ஜெபமணி வருகிறார்,
சட்டைப்பையில் நாலாக மடித்த காகிதம்.
காற்றுக்கு எதிரே கதவைத் தள்ளிப் பிடித்து
முதலில் என்னைப் போகச் சொல்கிறார்.