மூன்றாவது தெரு, கடைசி வீடு

நாலு மணிக்கே எழுந்துவிடுகிறார்.
காக்கிச் சட்டையைத் தேடுகிறார்.
அது கைப்பிடித் துணியாகி, கரி பிடித்து,
குப்பைக்குப் போய் எட்டு வருடம்.
"வால்வு திறக்கணும். ஜனங்க குடத்தோட நிக்கும்."
யாரும் நிற்கவில்லை.
எல்லார் வீட்டிலும் மோட்டார் இருக்கிறது, சம்ப் இருக்கிறது.
அயனாவரத்தில் இந்த நேரத்துக்கு
நாய்களும் பால் வண்டியும்தான்.

முதல் வருடம் முழுக்கத் திருத்திக்கொண்டே இருந்தேன்.
நீங்க ரிடையர் ஆயிட்டீங்க.
இது நம்ம வீடுதான்.
நான்தான். நான்தான்.
அவருடைய அம்மா செத்துப்போனதை
ஒரே நாளில் மூன்று தடவை சொன்னேன்.
மூன்று தடவையும் அப்போதுதான் கேள்விப்பட்டவராக
வாசல்படியில் உட்கார்ந்து அழுதார்.
நாலாவது தடவை கேட்டபோது
"பெரம்பூர் மார்க்கெட்டுக்குப் போயிருக்காங்க" என்றேன்.
"வெயிலுக்கு முன்னாடி வந்துடுவாங்க" என்று
தட்டில் ஆறிக் கிடந்த இட்லியைச் சாப்பிட்டார்.
முப்பத்தேழு வருடக் குடித்தனத்தில்
அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது என்று சொல்ல மாட்டேன்.
சீட்டுப் பணம் இருக்கிறது. வேறு சிலதும் இருக்கிறது.

ஸ்டான்லியில் டோக்கன் நூற்றுப் பதினாலு.
டாக்டர் சின்னப் பெண், தூக்கம் காணாத கண்.
மூளைப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
ஏதேதோ சொன்னாள். சுருங்கியிருக்கு என்றாள்.
எனக்குப் பிடிபட்டது கடைசி வரிதான்:
"அவருக்கு எந்தத் தேதி ஓடுதோ
அங்க நீங்க போங்கம்மா. அவரால இங்க வர முடியாது."
அந்தத் தேதிக்கு எந்த பஸ் பிடிப்பது என்று
மின்ட் ஸ்டாப்பில் வெகுநேரம் நின்றேன்.

செங்குட்டுவன் வால்வுச் சாவியை
மாடித் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தான்.
நாலடி இரும்பு. யார் காலிலாவது விழுந்தால்?
நியாயம்தான்.
அன்றைக்கு அவர் அலமாரியைக் கவிழ்த்தார்.
நான் கை ஓங்கினேன். ஓங்கியதோடு நிற்கவில்லை.
அதற்கு மேல் அதை எழுதப் போவதில்லை.
மதியத்துக்குள் அவர் மறந்துவிட்டார்,
என் கையைப் பார்த்து
"ஏம்மா சிவந்திருக்கு?" என்றார்.

அப்புறம்தான் வெட்கத்தை விட்டேன்.
டீக்கடைச் சேட்டாவிடம், இஸ்திரி வண்டி மோகனாவிடம்,
ஏடிஎம் வாசல் காவலாளியிடம் சொன்னேன்:
இவர் தனியாக வந்தால் பேச்சுக் கொடுங்கள், திட்டாதீர்கள்,
எனக்கு போன் போடுங்கள்.
ஆட்டோ சாதிக்கிடம் சொல்லி முடிக்கும் முன்
"தங்கச்சி வயித்துல இருந்தப்போ, அந்த வறட்சியில,
எங்கம்மாவுக்குத் தனியா ரெண்டு குடம் விட்டவரு,
எனக்கு நீங்க சொல்லணுமாக்கா?" என்றான்.
எனக்கே தெரியாத இரண்டு குடம்.

இப்போது நாலு மணிக்கு நானும் போகிறேன்.
சாவிக்குப் பதில் ஒரு பிவிசி குழாய்.
வெயிட் இல்லையே என்று முதல்நாள் முறைத்தார், பிறகு பழகிவிட்டது.
எத்தனையோ தடவை தார் போட்டு உயர்ந்த தெருவில்
திடீரென்று நிற்பார், காலால் தட்டுவார்.
எனக்குத் தார்தான் தெரியும்.
திரும்பிப் பார்த்துக் கேட்பார்:
"நீங்க எந்தத் தெரும்மா?"

அந்தக் கேள்விக்கு முன்பெல்லாம் என் பெயரைச் சொல்வேன்,
கல்யாண வருடத்தைச் சொல்வேன், குரல் உடையும்.
இப்போது சொல்கிறேன்:
"மூணாவது தெரு, கடைசி வீடு. தண்ணி வரலைங்க."
"கடைசி வீட்டுக்கு பிரஷர் பத்தாது.
முன்னாடியே சொல்லக் கூடாதா? இருங்க."
முட்டி போட்டுக் குழாயைத் திருகுகிறார்.
பதினொரு சுற்று.
தலையைச் சாய்த்துத் தாரின் மேல் காது வைக்கிறார்.
"போங்க, வந்திருக்கும். குடம் வச்சிருக்கீங்களா?"
"வச்சிருக்கேன்."

எதற்கும் பார்த்துவிடலாம் என்று கூடவே வருகிறார்,
என் பையை வாங்கிக்கொண்டு.
சம்ப் மூடியைத் திறந்து காட்டுகிறேன்.
தலையாட்டுகிறார்.
ஏழு மணிக்கு மாத்திரை.
எட்டுக்குக் குளியல், அது தனிச் சண்டை:
தண்ணியை வீணாக்காதே என்பார்.